ஐந்தேகால் லட்சத்தில் ஒருத்தன்

1948 பிப்ரவரியில் இந்தக் களியக்காவிளையைச் சுற்றிய ஊர்களிலெல்லாம் சொத்தில்லாதவனும் எழுதப் படிக்கத் தெரியாதவளும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்று திருவிதாங்கூரில் நடந்த முதல் தேர்தல் அது. தமிழ்ப் பகுதிகளில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பெரும்பாலான இடங்களைப் பிடித்தது. அந்தத் தேர்தல் சமயத்துக் கலவரத்தில் மாங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். அவர்களை இந்தக் குமரி மாவட்டம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

அதே 1948 நவம்பரில் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், தலவாக்கொல்லைத் தேயிலை மலையில், என் தாத்தாவின் குடியுரிமையைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஓட்டையும் எடுத்தார்கள். அவரைச் சுடவில்லை. சுடாததால் அவர் தியாகி ஆகவில்லை, சிலை இல்லை, மாலை இல்லை, நாள் இல்லை. மறுநாள் காலையிலும் வழக்கம்போல ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் போட்டு, கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினார். ஒரு மனுஷனை நாடற்றவனாக்க ஒரு சொட்டு ரத்தம்கூடத் தேவையில்லை என்பதை எங்களுக்குக் காட்டியவர்கள் கொழும்பில் கோட்டு போட்டிருந்த கனவான்கள்.

நான் களியக்காவிளை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டர் தூக்கினால் இரவு வரை அடுத்தவர்களுடைய நாடு, சாதி, வயது, வருமானம் எல்லாவற்றையும் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் நகல் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கூப்பிடு தூரத்தில் கேரளம். பாறசாலைக்காரரும் வருவார், குழித்துறைக்காரரும் வருவார். அவர்கள் அட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரியும். இவ்வளவு சாதாரணமாக வைத்திருக்கிறார்களே! சட்டைப் பையில், மீன் வாங்கிய பையோடு, மடித்துக் கசக்கி! எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட காகிதங்கள் பிஸ்கட் டின்னுக்குள் பூட்டப்பட்டுச் சாமி படத்துக்குக் கீழே இருக்கும்.

தாத்தா தன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். 1947இல் சி.வி.க்கு ஓட்டுப் போட்டேன் என்பார்.

சி.வி. யார் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்; உங்கள் பாடப்புத்தகத்தில் அவர் இல்லையே. சி.வி. வேலுப்பிள்ளை, 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையில் பிறந்தவரல்ல, பெரிய கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. எங்களை மாதிரி ஆட்களை வேலைக்குப் பிடித்துவந்த அதே கங்காணி வர்க்கம். அந்த வீட்டிலிருந்து படித்து வெளியே வந்த பிள்ளை, துரையின் பங்களாவைப் பார்த்துப் போகாமல் லயத்தைப் பார்த்து நடந்தது. 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தான் எழுதிய இசை நாடகத்தை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர் அவர். ஆசிரியராக இருந்தார், கவிதை எழுதினார், இலங்கை இந்தியக் காங்கிரசில் சேர்ந்தார். 1947 தேர்தலில் தலவாக்கொல்லைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் தொண்டமான், நாவலப்பிட்டியில் ராஜலிங்கம் என்று மலைநாட்டிலிருந்து ஒரு அணியே போனது.

எங்களுக்குத் தலைவர்கள் வாய்த்ததே பேனா பிடித்த கையிலிருந்துதான். சி.வி.க்கு முன்னால் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர். தோட்டத்துக்குள் வெளியாள் நுழையக் கூடாது என்று காவல் இருந்த காலத்தில் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனவர். 'தேசபக்தன்' நடத்தினார், துண்டுப் பிரசுரம் எழுதினார், தொழிற்சங்கம் கட்டினார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டுப் பாடியே சேதி சொன்னார். படிக்கத் தெரியாத சனத்துக்குப் பாட்டுத்தான் பத்திரிகை. சினிமாவிலிருந்து தலைவர் வந்த கதையை இந்தத் தமிழ்நாடு அலுக்காமல் சொல்லும். பத்திரிகையிலிருந்தும் கவிதையிலிருந்தும் கூலிச் சனத்துக்குத் தலைவர் வந்த இந்தக் கதையை யார் சொன்னீர்கள்?

சரி, சி.வி. நாடாளுமன்றம் போனார். போய் உட்கார்ந்து ஏறக்குறைய ஒரு வருஷம். டி.எஸ். சேனநாயக்க அரசு குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடத்திக் கூட்டிப்போன சனத்திடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள்! நடந்து வந்த வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களை எந்தப் பதிவேட்டில் எழுதினீர்கள், பிறந்தவர்களைத் தேட? காரணம் பரம ரகசியமும் இல்லை. தோட்டத்துச் சனம் தன் ஆளையும் ஜெயிக்கவைத்தது, பல தொகுதிகளில் இடதுசாரிகளையும் ஜெயிக்கவைத்தது. அந்த ஓட்டு சேனநாயக்கவின் தூக்கத்தைக் கெடுத்தது. அதை எடுத்துவிட்டால் நிம்மதி.

அடுத்து 1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம். விண்ணப்பம் போடு, பரிசீலிக்கிறோம் என்றார்கள். இந்த இடத்தில் எங்கள் தலைவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. முதலில் விண்ணப்பிக்க மாட்டோம் என்று புறக்கணித்தார்கள். கெடு நெருங்கிய பிறகு அவசர அவசரமாக நிரப்பினார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பேருக்காக மனு போயிற்று. பல வருஷம் இழுத்தடித்துக் கடைசியில் குடியுரிமை கொடுத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சப் பேருக்குத் தேதி தவறியது, பெயரில் எழுத்துப் பிசகியது, இடையில் ஊருக்குப் போய் வந்தாய், ரசீது இல்லை என்று ஆயிரம் நொட்டை. யாழ்ப்பாணத்து ஜி.ஜி. பொன்னம்பலம் இந்த 1949 சட்டத்துக்குக் கை தூக்கினார். அவர் கட்சியில் இருந்த செல்வநாயகம் எதிர்த்து வெளியே வந்து தமிழரசுக் கட்சி கண்டார். எங்கள் முதுகில் ஏறி ஒருவர் மந்திரியாக இருந்தார், எங்கள் பெயரைச் சொல்லி ஒரு கட்சி பிறந்தது. நாங்கள் லயத்திலேயே கிடந்தோம்.

1952 தேர்தல் வந்தபோது சி.வி. இருந்த தொகுதி அப்படியே இருந்தது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் அப்படியே இருந்தார்கள். வாக்காளர் பட்டியலில் மட்டும் இல்லை. தேர்தலில் தோற்ற தலைவர்களை உலகம் ஏராளமாகப் பார்த்திருக்கிறது. தன் வாக்காளர்களே காணாமல் போன தலைவரை எத்தனை நாடு பார்த்திருக்கும்? சத்தியாகிரகம் இருந்தார்கள், மாதக் கணக்கில் இருந்தார்கள். மகாத்மாவின் வழியில் கேட்டால் மனம் இளகும் என்று நம்பினார்கள், பாவம்.

2022லிருந்து என் கடைக்கு வருகிறவர்களெல்லாம் போனில் உக்ரைன் யுத்தம் பார்க்கிறார்கள். அந்த நாட்டிலும் நூறு வருஷத்துக்கு முன்னால், சி.வி.யைப் போலப் பேனாவிலிருந்து தலைவரான வொலோதிமிர் வின்னிச்சென்கோ என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். நாவலாசிரியர், நாடகாசிரியர். 1917இல் சார் ஆட்சி சரிந்தபோது உக்ரைனின் முதல் அரசாங்கத்துக்குத் தலைவரானார். தேசியவாதிக்கு அவர் போல்ஷிவிக், போல்ஷிவிக்குக்கு அவர் தேசியவாதி. இரண்டு பக்கமும் ஒட்டாமல் நாட்டைவிட்டுப் போய், பிரான்சில் ஒரு கிராமத்தில் தோட்டம் பயிரிட்டுக்கொண்டே எழுதி, 1951இல் அங்கேயே செத்தார். அவர் புத்தகங்களை சோவியத் அரசு பல பத்தாண்டுகள் அச்சேற விடவில்லை. இன்று அவர் நாட்டார் அவரைத் தேடிப் படிக்கிறார்கள். அந்த வரலாற்றைப் படித்தபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. அவர் நாட்டைவிட்டுப் போய் நாடிழந்தார். எங்கள் சனம் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகராமல் நாடிழந்தது. அவரைத் தேட இன்று ஒரு நாடு இருக்கிறது. சி.வி.யைத் தேட யார் இருக்கிறார்கள்?

பதவி போன பிறகும் சி.வி. பேனாவைக் கீழே வைக்கவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய பெரிய எழுத்தே அதன் பிறகுதான். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். வெள்ளைக்காரன் குடிக்கும் கோப்பைக்குள் யாருடைய எலும்பு கிடக்கிறது என்பது அவன் பாஷையிலேயே அவனுக்குத் தெரியட்டும் என்று எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். சக்தீ பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'வீடற்றவன்' நாவல், 'இனிப்படமாட்டேன்' நாவல். பெயரைப் பாருங்கள், அதற்குமேல் என்ன சொல்ல! கொழுந்து பறிக்கிற பெண்கள் பாடிய பாட்டுகளை லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுதித் தொகுத்தார். என் அப்பத்தா பாடுகிற தாலாட்டும் ஒப்பாரியும் புத்தகத்தில் ஏறக்கூடியவை என்று நினைத்த ஆள் அவர். அரசாங்கம் எங்களைத் தலை எண்ணிக்கொண்டிருந்தது. இவர் ஒருவர்தான் பாட்டைக் கேட்டார்.

தலை எண்ணிய கதைக்கு வருகிறேன். 1964 அக்டோபர் 30. டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தி வந்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 உனக்கு, 75,000 எனக்கு என்று முடித்துவைத்தார். சந்தையில் வாழைக்குலையைப் பங்கு வைக்கிறவன்கூடச் சீப்பு அடிபட்டிருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பான். எங்களைப் புரட்டிப் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. ஒன்பதே முக்கால் லட்சம் பேருடைய தலைவிதியை எழுதிய மேஜையில் அந்த ஒன்பதே முக்கால் லட்சத்தில் ஒருத்தனுக்கும் நாற்காலி இல்லை. அத்தனை காலம் அவர்களுக்காகப் பேசிய, எழுதிய சி.வி.க்கும் இல்லை.

அந்த ஐந்தேகால் லட்சத்தில் ஒருத்தன்தான் நான்.

தாத்தாவும் அப்பாவும் இந்தியாவுக்குப் பெயர் கொடுத்தார்கள். அத்தை புருஷன் இலங்கைக்குக் கொடுத்தார். ஒரே லயத்தில் பத்தடி தள்ளி இருந்த இரண்டு வீடு, இரண்டு நாடு ஆயிற்று. தலைமன்னாருக்குப் போகிற கோச்சி ரயிலில் நாங்கள் ஏறியபோது அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தது எனக்கு நினைவிருக்கிறது. கையை எடு, கையை எடு என்று அப்பா கத்தினார். அத்தை எடுக்கவில்லை. அப்பாதான் விரல் விரலாகப் பிரித்துவிட்டார். தன் கூடப்பிறந்தவளின் விரலைப் பிரித்துவிட்ட அந்தக் கையை அவர் சாகும்வரை அடிக்கடி உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். கப்பல், ராமேஸ்வரம், மண்டபம், குடும்ப அட்டை. பிறகு குமரி மாவட்டத்து மலையடிவாரம்.

தாயகம் திரும்பியோர் என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். நீலகிரிப் பக்கம் அனுப்பியவர்களுக்காவது தெரிந்த தொழில், தேயிலை. இங்கே வந்தவர்களுக்கு ரப்பர். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று காடு வெட்டி வனத்துறை போட்ட ரப்பர் தோட்டங்கள். 1984இல் அரசு ரப்பர் கழகம் என்று ஆயிற்று. இரண்டு இலையும் ஒரு குருத்தும் கிள்ளிப் பழகிய விரல்களுக்கு விடியற்காலை இருட்டில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டச் சொன்னார்கள். பால் வெட்டுவது சாமானிய வேலை இல்லை. பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவ வேண்டும். சாய்வு பிசகினால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தில் வழியும். கத்தி ஆழம் இறங்கிக் கட்டையைத் தொட்டால் அந்த இடம் முண்டு கட்டி, பிறகு அங்கே வெட்டவே முடியாது. தேயிலைத் தூரை ஓங்கி வெட்டிக் கவ்வாத்து செய்த அப்பாவின் கை, ஆரம்பத்தில் மரம் மரமாகக் காயப்படுத்தியது. "சிலோன்காரனுக்கு மரத்தை வெட்டத்தான் தெரியும், பால் வெட்டத் தெரியாது" என்று மேற்பார்வை பார்த்தவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பா அன்று ராத்திரி விறகுக் கட்டையில் கோடு போட்டுச் சீவிச் சீவிப் பழகிக்கொண்டிருந்தார். பிற்பாடு அவர் வெட்டு அந்தக் கூட்டத்திலேயே பேர்போன வெட்டு ஆயிற்று. ஆனாலும் பெயர் மாறவில்லை. சிலோன்காரன்.

அங்கே இருந்தபோது கள்ளத்தோணி, தோட்டக்காட்டான், வடக்கத்தியான். இந்தியாக்காரனே போ என்று அனுப்பினார்கள். இங்கே வந்து இறங்கினால் சிலோன்காரன். இதில் குமரிக்காரர்கள் சொல்வதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நீங்கள் யார்? மலையாள ஆட்சிக்குக் கீழே தமிழனாக நின்று அவமானப்பட்டவர்கள். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணுப்பிள்ளையின் போலீஸ் சுட்டபோது மார்பு காட்டியவர்கள். சொந்தக் கட்சி முதலமைச்சரையே பதவி விலகு என்று சோஷலிஸ்ட் தலைவர் லோகியா சொன்னது உங்கள் பிணங்களுக்காக. 1956 நவம்பர் முதல் நாள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம் என்று வருஷா வருஷம் மாலை போடுகிறீர்களே, அந்தத் தாய்வீட்டுக்குத்தானே ஐயா நாங்களும் வந்தோம்? சேர்வதற்காகப் போராடியவனுக்குச் சேர்ந்தவனின் வலி தெரிய வேண்டாமா?

என் மகள் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் டின்னில் இருந்த காகிதம் எல்லாவற்றையும் புரட்டினார். தாத்தாவின் தோட்டத்துப் பற்றுச்சீட்டு, அப்பாவின் பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை.

"இதெல்லாம் சிலோன் பேப்பராக்கும். 1950க்கு முன்னால உம்ம ஆளுக தமிழ்நாட்டுல இருந்ததுக்கு என்னவே இருக்கு?"

"இருந்ததாலதானங்க அங்க கூட்டிட்டுப் போனாங்க. இந்தியாக்காரன்னு சொல்லித்தானங்க திருப்பி அனுப்புனாங்க."

"அதச் சொன்னா கம்ப்யூட்டர் எடுக்காதுவே."

பாட்டன் பிறந்ததற்குச் சான்று கொண்டுவா. 1948இல் கொழும்பு கேட்ட அதே கேள்வி. எழுபது வருஷம் கழித்து, சிங்களத்தில் கேட்கவில்லை, தமிழில் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம். எப்படியோ கடைசியில் சான்றிதழ் வாங்கிவிட்டேன். வாங்கிய விதத்தை எழுதினால் வேறு குமுறல் ஆகிவிடும், விடுங்கள்.

1984 நவம்பரில் சி.வி. காலமானார். அதே வருஷம்தான் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. எங்கள் அத்தைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த கடைசி வழி அது. ஏடு எதிலாவது அவர் இறந்த சேதி வந்திருக்குமா என்று அப்பா நாகர்கோவிலுக்குப் போய்த் தேடினார். ஒரு வரி இல்லை. கூலித் தமிழனுக்கு எழுத்தாளன் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

எனக்காவது ஒரு ஒப்பந்தம் இருந்தது. கப்பலில் ஏற்றினார்கள், அட்டை கொடுத்தார்கள், ஓட்டும் கொடுத்தார்கள். இதோ, களியக்காவிளைக்குப் பக்கத்திலேயே கோழிவிளை முகாம் இருக்கிறது. அங்கிருந்து இளைஞர்கள் என் கடைக்கு நகல் எடுக்க வருவார்கள். அவர்களில் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவன் பாட்டன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தார். 1977 கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியதும் வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கே யுத்தம் துரத்தியது, படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். பையன் இங்கே பிறந்தவன். இந்தியாவில்தான் தமிழ் படித்தான், இந்தியாவில்தான் ஜன கண மன பாடினான். அவன் பூட்டனும் என் பூட்டனும் ஒரே மண்டபம் வழியாகத்தான் போயிருப்பார்கள். நான் ஒப்பந்தத்தில் வந்ததால் குடிமகன். அவன் படகில் வந்தவர்களுக்குப் பிறந்ததால் சட்டத்தின் கணக்கில் அனுமதியின்றிக் குடியேறியவன்.

2019 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவனைப் போன்ற இந்திய வம்சாவளியினருடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. அந்த வருஷம் டிசம்பரிலேயே குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன. இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பலகை புதிதாயிற்று, நல்லது. இத்தனை பாவம் செய்த இலங்கைகூட 2003இல் சட்டம் போட்டு, தன் மண்ணில் மிச்சமிருந்த எங்கள் சனத்துக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. எங்களைத் துரத்திய நாடு திருந்திவிட்டது. எங்களைச் சொந்தம் என்று சொல்லி வாங்கிக்கொண்ட நாடு இன்னும் யோசிக்கிறது.

அந்தப் பையன் மார்த்தாண்டத்தில் பெயின்ட் வேலைக்குப் போகிறான். பாஸ்போர்ட் கிடையாது, ஓட்டுக் கிடையாது, சர்க்கார் வேலைக்கு எழுத முடியாது, முகாமில் எண்ணிக்கை எடுக்கும்போது வந்து நிற்க வேண்டும். டெல்லியில் இருக்கிறவர்களே, கொழும்பில் இருக்கிறவர்களே, கேட்கிறேன். கோழிவிளையில் வளர்ந்த இவனை எந்த ஊருக்கு அனுப்பப் போகிறீர்கள்? அடுத்த ஒப்பந்தத்தில் இவனை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், எவ்வளவு பேரில் ஒருத்தனாக? கையெழுத்துப் போடப் போகிற இரண்டு பேர் யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த மேஜைக்கு முன்னால் போட்டுக்கொள்கிறோம். இந்தத் தடவை வெளியே நிற்க மாட்டோம்.